சுவரில் தொங்கும் கைத்தடிகள்

இருபத்திரண்டு படிகள். ஊற்றிலிருந்து குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி அவள் ஏறி வருகிறாள். கடைசிப் படியில் முட்டி விண்விண்ணென்று தெறிக்கிறது. கூடத்தில் காலை வெயில் சாய்வாக விழுந்து, கண்ணாடித் தம்ளர்களின் விளிம்பில் படிந்த மஞ்சள் உப்பைக் காட்டிக்கொடுக்கிறது. முப்பது வருஷமாகத் தேய்க்கிறாள், போன பாடில்லை. எதிர்ச்சுவர் முழுக்கக் கைத்தடிகள். மேனேஜரின் தாத்தா இந்த ஊற்று வைத்திய விடுதியைக் கட்டிய நாளிலிருந்து, ஊற்றுத் தண்ணீர் குடித்துக் குணமானவர்கள் விட்டுப்போனவை; ஒவ்வொன்றிலும் வருஷம் எழுதிய அட்டை. நடுவில் ஒரு ஆணி மட்டும் காலியாக இருக்கிறது. இந்தத் தண்ணீரை அவளும்தான் குடிக்கிறாள், தினம் நாலு தம்ளர்.

"அக்கா, பஸ் வந்தாச்சு. தடியை மாட்டிடுங்க," என்கிறார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல். "பத்து நிமிஷம் நேரா நின்னா போதும்." "எனக்கென்ன தம்பி, நிப்பேன். முட்டி ஒத்துக்கணுமே." தடியை ஆணியில் மாட்டிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்து நிமிர்கிறாள்.

மகளின் தோளைப் பற்றிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து ஒரு பெரியவர் முதலில் வருகிறார். தம்ளரை வாங்கி முகர்ந்து முகம் சுளிக்கிறார். "ஏம்மா, நிஜமாவே இது முட்டிவலிக்குக் கேக்குமா?" அவள் வழக்கம்போலக் கையை மட்டும் சுவர்ப்பக்கம் நீட்டுகிறாள். பெரியவர் திரும்பிப் பார்க்கிறார். வரிசை வரிசையாகத் தடிகள், அசையாமல். நடுவில் ஒன்று மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.