கெளுத்தி முள்

தொட்டித் தண்ணீரில் ரத்தம் கலங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அவர்பாட்டுக்கு மீனைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாடா ராஜா, புதுத் தண்ணிக்குப் போவோம் வா."

ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டு ஆம்பிளைகள் எல்லாரும் சீட்டாடப் போயிருந்தார்கள். இவருக்கு மட்டும் அது மீனுக்குத் தண்ணீர் மாற்றுகிற திருநாள்.

தொட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தந்தி ஆபீசில் கழித்துப்போட்ட பேட்டரிக் கண்ணாடி ஜாடி. அதற்குள் ஒரு உடைந்த சட்டி, சட்டிக்கு அடியில் ஒளிந்துகொள்ள ஒரு கெளுத்தி. ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குட்டையிலிருந்து விரல் நீளத்தில் கொண்டுவந்தார். மண்புழுவும் கோழிக்குடலும் தின்று இப்போது ஒரு சாண் இருக்கிறது. எனக்கு ஒருநாளாவது இப்படி ஊட்டியிருப்பாரா மனுஷன்!

மற்ற மீன் போல இது தண்ணீருக்குள்ளேயே கிடக்காது. மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அதைப் பார்க்க அவர் வேலைவிட்டு ஓடிவருவார்.

"ஐயையோ, ரத்தம்!" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம்தான், "ஐயோ அம்மா!" என்று கத்தினார்.

சுண்டுவிரலில் முள் ஆழமாக ஏறியிருந்தது. கெளுத்தி முள் குத்தினால் எப்படி இருக்கும் என்று லயத்துக்கே தெரியும். போன மாதம் பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா, பாசாரில் வாங்கிவந்த கெளுத்தியை ஆயும்போது குத்துப்பட்டு, சாயங்காலம் வரை தரையில் புரண்டு அழுதார்.

இவர் கத்தக் கத்த எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புருஷன் துடிக்கும்போது சந்தோஷப்படுகிற பெண்டாட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் நிலைமை அப்படி.

நாலு மாதமாக அவர் முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டு. தேமல் என்றார். நானும் தேமல் என்றே வைத்துக்கொண்டு பூவரசங்காயை அரைத்துத் தடவினேன்.

கடைசி வீட்டு நாகையாவும் தேமல் என்றுதான் சொன்னார். அது வீரம்மா அக்கா கண்ணில் பட்டது. ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி வண்டி வந்து, அவரைச் சுங்கை பூலோ குஷ்டரோகிகள் குடியிருப்புக்கு ஏற்றிக்கொண்டு போனது. அவர் பெண்டாட்டி ரோட்டு முனை வரை வண்டிக்குப் பின்னால் ஓடினாள். அன்றிலிருந்து இவர் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றுவதில்லை.

பெருநோய் வந்த இடத்தில் வலி தெரியாது என்பார்கள். இவருக்குத்தான் வலிக்கிறதே! அப்படியானால் அது தேமல்தானே? மாரியாத்தா, என் வயிற்றில் பாலை வார்த்தாய்.

சத்தம் கேட்டு வீரம்மா அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் மேலே சுருட்டியிருந்த சட்டைக் கையை நான் சட்டென்று இழுத்துவிட்டேன்.

"கெளுத்தியா? வெந்நீர்ல விரலை முக்கு தங்கமணி. எனக்கு அதுலதான் கேட்டுச்சு."

சோற்றுக்கு வைத்த உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு கும்பா வெந்நீரை மொண்டு அவர் முன்னால் வைத்துவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போனேன். குடம் நாலு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது.

செம்போடு திரும்பினேன்.

அவர் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் கும்பாவுக்குள் விட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஆவி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பாடா, இப்பத்தான் இதமா இருக்கு," என்றார்.

செம்புத் தண்ணீர் அப்படியே என் கையில் இருந்தது.

"சூடு பதமா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வீரம்மா அக்கா உள்ளே வந்தார். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டிக் குனிந்தார்.

நான் முந்திக்கொண்டேன்.

"வெதுவெதுன்னுதான் இருக்குக்கா," என்று சிரித்தபடி, என் விரல்களை உள்ளே விட்டு, எடுக்காமல் வைத்திருந்தேன்.