துவைக்கிற ஆம்பளை

"இந்தப் படம் வேண்டாம், டாக்மார். எடுத்துடு" என்றார் விளம்பரப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த தலைவர் திருமதி ஹோல்ம்.

கோபன்ஹேகனில் வெளிவந்த அந்தப் பெண்கள் வார இதழுக்கு டாக்மார்தான் ஆசிரியை. படத்தில், குடியிருப்பு முற்றத்தில் ஓர் ஆண் சிரித்த முகமாகக் குழந்தைத் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கறதுதான் வம்பு. 'அம்மா கை பட்டால் வெண்மை'ன்னு விக்கிற சோப்புக் கம்பெனி இதைப் பார்த்தா, பின்னட்டை விளம்பரத்தையே நிறுத்திடுவாங்க."

"எத்தனையோ வீட்டுல ஆம்பளைங்க துவைக்கிறாங்களே!"

"வீட்டுல துவைக்கட்டும். நம்ம பத்திரிகையில துவைக்க வேண்டாம்."

அலுவலகத்தில் பாதிப் பேருக்குச் சம்பளம் அந்தப் பின்னட்டையிலிருந்துதான் வந்தது. டாக்மார் வேறு வழியில்லாமல் படத்தை உருவிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

கதவு வரை போன ஹோல்ம் திரும்பி வந்து, குனிந்து அதை எடுத்தார்.

"வேண்டாம்னு சொன்னீங்களே?"

"பத்திரிகைக்குத்தான் வேண்டாம்." ஹோல்ம் படத்தின் கசங்கலை விரலால் நீவினார். "இது என் வீட்டுக்காரர். இந்த வாரம் படம் வரும்னு அக்கம்பக்கம் பூரா சொல்லி வச்சிருக்கார். அவர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்றது?"