நடுவில் ஒரு மிஸ்

“அவர் ஏன் ஆசுபத்திரிக்கு வரேல்லை எண்டு கேளுங்கோ, மிஸ்.”

உதயகலா இதைச் சொன்னது மேசையில் நின்ற ஃபோனுக்கு. பதில் சொல்லவேண்டியவர் அடுத்த கதிரையில், முழங்கை முட்டும் தூரத்தில் இருந்தார்.

திரைக்குள் ஷெரோன் மிஸ் பெருமூச்சை விழுங்கினாள். “அக்கா, அவர் பக்கத்திலைதானே இருக்கிறார். நீங்களே கேளுங்கோவன்.”

நல்ல கதை! இந்த வீட்டில் கோபம் வந்துவிட்டால் புருஷனும் பெண்சாதியும் நேரே கதைப்பதில்லை. மகள் தனுஷிகாவுக்கு வாய் திறந்த காலத்திலிருந்து அவள்தான் தூது. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. அம்மாட்டைப் பசியில்லை எண்டு சொல்லு.

அவள் கலியாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போனபின் அந்த வேலைக்கு ஆளில்லாமல் கிடந்தது.

கிளினிக்கில் டொக்டர் இருவரையும் ஒன்லைன் கவுன்சிலிங்குக்கு எழுதிவிட்டார். பாவம் ஷெரோன் மிஸ், வந்து மாட்டிக்கொண்டாள். மனம்விட்டுக் கதைக்கப் பழக்க வந்தவளை இரண்டு பேருமாகச் சேர்ந்து தூதுக்குப் பிடித்துவிட்டார்கள். அந்த ஒன்றில் மட்டும் நல்ல ஒற்றுமை.

புருஷன் பிரகலாதனும் மிஸ்ஸைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“தோட்டத்திலை வெங்காயம் கிண்டுற நேரம், மிஸ். கூலிக்கு ஆக்கள் பிடிக்கேலாது.”

வெங்காயம்!

உதயகலாவுக்கு உச்சி கொதித்தது. புற்றுநோய் என்று ஒரு மார்பை வெட்டி எடுத்தபின் வார்ட்டில் கிடந்தாள். மற்றக் கட்டில்காரிகளின் புருஷன்மார் தோடம்பழமும் சோடாவுமாக வந்து நின்றார்கள். அவளுக்கு வந்ததெல்லாம் ஓட்டோக்காரச் சீவரத்தினத்தின் கையில் சாப்பாட்டுக் கரியர் மட்டும். ‘உங்கடை அவர் வரேல்லையோ?’ என்று தாதி கேட்கும்போதெல்லாம் அவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதை நினைக்க இன்னும் பற்றி எரிந்தது.

இன்றைக்கும் ஒழுங்கான மறுமொழி வராவிட்டால் காங்கேசன்துறைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போவது என்று முடிவு கட்டியிருந்தாள். போனால் திரும்பி வருவதில்லை.

உடுப்புப் பை கட்டிலில் இருந்தது. அவரும் அதைக் கண்டவர். கண்டும் ஒரு சொல் இல்லாமல் தோட்டத்துக்குப் போய், செம்மண் கையும் காலுமாக வந்து கல்லுப் பிள்ளையார் மாதிரிக் குந்தியிருக்கிறார்.

“அப்ப வெங்காயத்தையே கலியாணம் கட்டியிருக்கலாமே எண்டு கேளுங்கோ, மிஸ்!”

மேசையில் ஓங்கி அடித்தாள். தலைக்கு மேலே பழைய ஃபான் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் விளங்குதில்லை, நிப்பாட்டுங்கோ என்று மிஸ் முதல்நாளிலிருந்து கெஞ்சுகிறாள். புத்தூர் வெக்கைக்கு யார் ஃபானை நிறுத்துவது?

அவள் அடித்த அடியில் ஃபோன் சரிந்து மேசைக்கடியில் விழுந்தது. பிரகலாதன் குனிந்து தேடி எடுத்து, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார்.

ஷெரோன் மிஸ் வாய் பாதி திறந்தபடி அசையாமல் நின்றாள்.

“மிஸ்? மிஸ்!”

லைன் போய்விட்டது. இதுவும் நல்லதுக்குத்தான் என்று உதயகலா எழும்பினாள். பையைத் தூக்கவேண்டியதுதான்.

“ஆசுபத்திரி வாசல்மட்டும் வந்தனான்.”

திரும்பிப் பார்த்தாள். அவர் ஃபோனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

“ஒவ்வொருநாளும் சீவரத்தினத்தோடை வந்தனான். நீர் அங்கை குழாயும் வயருமாய்க் கிடந்தீர். கால் உள்ளுக்கு வரேல்லை. பயந்து போனன்.”

“பயமோ?” வீடு அதிர்ந்தது. “வெட்டினது என்னை! பயம் உங்களுக்கோ? நான் அதுக்குள்ளை தனிச்சுக் கிடக்க, நீங்கள் வாசலிலை நிண்டு பாத்திட்டுப் போனீங்களோ?”

அவர் கண் நிறைந்துவிட்டது. அதைக் கண்டு அவள் இளகிப்போனாள் என்று நினைக்கவேண்டாம். கோபம் இன்னும் ஏறியது. இத்தனை நாளும் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தார் இந்த மனுசன்? தாதியிடம் சொன்ன பொய்கள், இரவில் வந்த நோவு, கரியரில் வந்த உப்பில்லாத பருப்பு என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவரும் விடவில்லை. கேட்டதுக்கெல்லாம் மறுமொழி சொன்னார். ஓரிடத்தில் அவரும் கத்தினார்.

மூச்சு வாங்கக் கதிரையைப் பிடித்தபோதுதான் மேசைக்கடியில் அவள் கண் போனது.

மகள் பூட்டுவித்த வைஃபைப் பெட்டியில் வெளிச்சம் இல்லை. பிளக் கழன்று நிலத்தில் கிடந்தது. வெள்ளைப் பிளக்கில் ஈரம் காயாத செம்மண், பெருவிரல் அகலத்துக்கு.

தானாகக் கழன்ற பிளக்கில் செம்மண் ஒட்டுமா?

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. ஷெரோன் மிஸ் சாதாரண கோலில் எடுத்திருந்தாள்.

“அக்கா, லைன் கட்டாயிட்டுது. என்ன நடந்தது?”

பிரகலாதன் மண் படிந்த கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். தலை நிமிரவில்லை.

உதயகலா அவரை முறைத்தாள். முறைத்தபடியே சொன்னாள்.

“கரண்ட் நிண்டிட்டுது, மிஸ்.”

தலைக்கு மேலே ஃபான் கடகடவென்று சுற்றியது.

அந்தச் சத்தம் ஃபோனுக்குள்ளும் போனது.

“ஓம் அக்கா, கேக்குது,” என்றாள் ஷெரோன் மிஸ். “கரண்ட் வந்தாப்பிறகு எடுங்கோ. அவசரமில்லை.”

உதயகலா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். கோபம் ஒரு சொட்டும் இறங்கவில்லை. கதிரையை இழுத்து, அவருக்கு நேரே திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

“ம், கதையுங்கோ.”