மீன் கூடைக்கு முன் சீட்

நகரத் தொடங்கிய மினி பஸ்ஸின் கம்பியைத் தாவிப் பிடித்து, மீன் கூடையோடு ஏறிவிட்டாள் பிலோமினா. கண்டக்டர் ததேயு விசிலடித்து வண்டியை நிறுத்தினான்.

"எறங்குக்கா! நாத்தம் தாங்காதுன்னு எத்தனை தடவ சொல்லுறது?"

"நேத்து வரைக்கும் எறங்குனேன். இன்னைக்கு எறங்க மாட்டேன்."

முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கூடையை வைத்தாள். பின்னால் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ததேயு கொதித்தான். "இன்னைக்குத்தான் வண்டி கைமாறியிருக்கு. புது முதலாளி பம்பர் லாட்டரி அடிச்ச ஆளாம். எனக்கு அடிச்சிருந்தா சிங்கப்பூர் போய் உக்காந்திருப்பேன். அந்த மனுசன் போயும் போயும் இந்த ஓட்டை வண்டிய வாங்கியிருக்காரு. அவருக்கே போன் போட்டுச் சொல்லட்டா?"

"போடு மக்கா."

மேனேஜர் காலையில் கொடுத்த நம்பரை அழுத்தினான் ததேயு. பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது.

பிலோமினாவின் இடுப்பில் போன் அலறியது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நிதானமாக எடுத்துக் காதில் வைத்தாள்.

"முதலாளிதான் பேசுறேன். வண்டிய எடு. அடுத்த ஸ்டாப்புல நம்ம மீன்காரியளு எல்லாரும் கூடையோட நிக்காளுவ. ஒருத்தியையும் விட்டுராத."