வேர் பார்க்கும் தவமணி

பால்கனியில் இருந்த அபூர்வக் கலப்பினச் சதைப்பற்றுச் செடிக்கு விடிந்தாலே நடுக்கம். அதை ஆசையாய்த் தேடி வாங்கிய தவமணி, பல் துலக்கும் முன்பே வந்துவிடுவாள். வேர் விட்டிருக்கிறதா என்று பிடுங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் நடுவாள்.

"நேத்து ஒண்ணே ஒண்ணு விட்டேன். அதுவும் அறுந்துபோச்சு," என்றது செடி.

"என்னை இங்க வச்சதையே அவ மறந்துட்டா," என்றது பக்கத்துக் கற்றாழை. அது பெயிண்ட் டப்பா பிதுங்க வளர்ந்திருந்தது.

ஒருநாள் தவமணி ஊருக்குப் போனாள். செடி பயந்து பயந்து நான்கு வேர் விட்டது.

பத்தாம் நாள் கதவு திறந்தது. பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள் தவமணி.

"பத்து நாளும் உன் நினைப்புதான்டி, தங்கம்!" என்று செடியின் கழுத்தைப் பிடித்தாள்.