முதுகோடு முதுகு

காப்பார் சாலையில் வெள்ளம் ஏறிவிட்டதால் துறைமுகத்திலிருந்து வந்த லோரிகள் பக்கத்துத் திடலில் ஒதுங்குகின்றன. மலர்விழிக்கு இது முதல் கண்டெய்னர் ஓட்டம். உள்ளே டயாலிசிஸ் நோயாளிகளுக்கான மருந்து. நிற்கும் லோரிகளின் பின்கதவை உடைத்துச் சரக்கைத் தூக்கும் கும்பல் இந்தப் பக்கம் உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து பக்கக் கண்ணாடியை விட்டு அவள் கண் நகரவில்லை. அதே கண்ணாடியில் ஒரு சிவப்புக் கண்டெய்னர் வானத்தை மறைத்தபடி, தன் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு, பின்னோக்கி வருகிறது. "அண்ணே, இடிச்சிராதீங்க!" என்று அலறுகிறாள். இரும்போடு இரும்பு உரசாமல் அது நிற்கிறது. நடுவில் ஒரு கை நுழையாது. இனி இரண்டு கதவையும் எவனாலும் திறக்க முடியாது. அந்த லோரியின் நரைமீசை டிரைவர் தலையை நீட்டுகிறார். "பயப்படாதம்மா, என் கதவுக்கும் ஒரு தொணை வேணும்லா." அப்போதுதான் திடலைப் பார்க்கிறாள். மழை கழுவிய வெயிலில், எந்தெந்தக் கடலையோ தாண்டி வந்த பெட்டிகள் சோடி சோடியாக, முதுகோடு முதுகு ஒட்டி, மலை மலையாக நிற்கின்றன. யாரும் உத்தரவு போடவில்லை. உள்ளே என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கடைசியாக ஒரு லோரி தனியாக வந்து நிற்கிறது. அதன் பின்னாலேயே நுழையும் இன்னொன்று, பீப் பீப் என்று ஒலித்துக்கொண்டே, அதற்குத் தன் முதுகைத் திருப்புகிறது.