மை தொட்ட பேனா

நிப்பு மைக்குள் முங்கியது.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கக் குமிழைத் திருகினார். குடிக்கிறது. கையில் தெரிந்தது.

ஒன்பது வருடமாக ஒரு சொட்டு மை காணாத பேனா அது.

பணி ஓய்வு பெற்ற வாரம் தனக்கென்று அவர் வாங்கிக்கொண்ட ஒரே பொருள். உலகம் மொத்தத்துக்கும் இருநூறுதான் செய்தார்கள். இது நாற்பத்தொன்றாவது. உடலில் பொன் எழுத்தில் எண் இருக்கும். ஞாயிறுதோறும் பெட்டியைத் திறப்பார். மெல்லிய துணியால் துடைப்பார். தாளுக்கு ஒரு விரற்கடை மேலே, காற்றில் ஒரு கையெழுத்துப் போடுவார்.

திரும்பவும் பெட்டிக்குள்.

மை தொட்டுவிட்டால் அப்புறம் அது வெறும் பேனா என்பார்கள், பேனா சேர்க்கிறவர்கள்.

இருக்கட்டும்.

நிப்பைத் துடைத்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி. வலது கை மேசைமேல் கிடந்தது. இடது கையால் தூக்கித்தான் அதை அங்கே வைத்திருந்தாள்.

பக்கவாதத்தில் அந்தக் கை விழுந்து ஏழு மாதம். பேச்சு திரும்பிவிட்டது. கால் திரும்பிவிட்டது, கொஞ்சம் இழுத்துக்கொண்டு. விரல்கள்கூட மடங்குகின்றன, நிமிர்கின்றன. அழுத்தம் மட்டும் வரவில்லை.

பால்பாயிண்ட் பேனாவுக்கு அழுத்தம் வேண்டுமே.

காலையிலிருந்து நான்கு பேனா மாற்றியாயிற்று. கல்யாணப் பத்திரிகை உறைமேல் நகம் கீறினாற்போல் ஒரு தடம். அவ்வளவுதான் விழுந்தது.

மூத்தவள் கல்யாணத்துக்கு நானூறு உறையிலும் பெயர் எழுதியது இந்தக் கைதான். பெற்றவள் கையால் எழுதிப் போனால்தான் அழைப்பு என்பது அவள் கட்சி. இப்போது சின்னவளுக்கு முகூர்த்தம் மூன்று வாரத்தில்.

“நான் எழுதிடறேன்மா, விடு” என்றாள் சின்னவள்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு உறை. முதல் உறை மட்டும். அதையாவது தான் எழுத வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவர் பீரோவைப் பார்த்தார்.

மைப்பேனாவை அழுத்தவே வேண்டாம். தாளில் பட்டால் போதும், எழுதும். அவருக்கு அது தெரியாதா? கேட்டவர்க்கெல்லாம் சொன்னவர்தான். ஏழு மாதமாக அந்தக் கைக்குப் பத்தடி தள்ளி, பட்டுத்துணி சுற்றிப் பூட்டி வைத்திருந்தவரும் அவர்தான்.

கடைக்குப் போய் ஒரு சாதாரண மைப்பேனா வாங்கி வந்திருக்கலாம்.

பீரோ பக்கத்தில் இருந்தது.

மனைவியின் விரல்களைப் பிரித்து, பேனாவைச் செருகி, மறுபடி மூடிவிட்டார்.

“அப்பா, இந்தப் பேனா கிட்ட நான் வந்தாலே ஊரைக் கூட்டுவீங்க” என்றாள் சின்னவள்.

“நீ பேனாவைக் கடிப்பே.”

“அது ஆறு வயசுல, பள்ளிக்கூடப் பேனாவைப்பா!”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் அவள். “என்னங்க, பாக்காதீங்க. கை நடுங்கும்.”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். ஓரக்கண்ணை என்ன செய்வது?

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறை. திரு, திருமதி என்று அச்சடித்து, பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

நிப்பு தொட்டது.

நீலம் வந்தது.

தானாக வந்தது. வாசல் தெளிக்கையில் ஈரம் பரவுவதுபோல அத்தனை லேசாக. அவள் மூச்சை உள்ளே இழுத்தவள் வெளியே விடவில்லை.

முதல் எழுத்து கோணலாக, பெரிதாக எழுந்து நின்றது.

ஆ.

முதல் உறை பெண்ணின் தாய்மாமனுக்கு. மனைவியின் அண்ணன், கரூரில் இருக்கும் சிதம்பரம். இதில் ஆ எங்கே வந்தது? பெயர்கள் சில நாள் குழம்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரியாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தோம்.

உதட்டைக் கடித்துக்கொண்டார். எந்த எழுத்தாக இருந்தால் என்ன, எழுதட்டும்.

ட்.

டோ.

கொஞ்சம் இளைப்பாறினாள். பிறகு நிறுத்தவேயில்லை. வரி மேலேறிச் சரிந்து மூலைக்குப் போயிற்று. கடைசி எழுத்தில் நிப்பு மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது.

“ஐயையோ, மஞ்சள் பட்டுடுச்சுங்க.”

பொன் நிப்பில் ஈர மஞ்சள். அவர் பார்த்தார்.

“படட்டும்” என்றார்.

வேட்டி நுனியால் நிப்பைத் துடைத்துவிட்டு உறையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

ஆட்டோ அந்தோணிசாமி.

கை விழுந்த அன்று காலை தென்னூர் முனையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வந்தவர். ஸ்ட்ரெச்சருக்குக் காத்திராமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

இருநூறு பேனாக்களில் ஒன்று, தன் முதல் சொல்லாக ஆட்டோ என்று எழுதியிருந்தது.

“அம்மா! மொத உறை மாமாவுக்கு இல்லையா? கரூர் மாமா கோவிச்சுக்கிட்டு பந்தலை விட்டே எந்திரிச்சுப் போயிடுவாரு.”

“போகட்டும். பந்திக்குத் திரும்பி வந்துடுவாரு.”

சின்னவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மை இன்னும் ஈரமாக இருந்தது. அவர் உறையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி ஜன்னல் வெயிலுக்குக் கொண்டுபோனார். காய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

திரும்பி வந்தார். பேனாவை வாங்கி மூடுவதற்கு மூடியோடு கையை நீட்டினார்.

அவள் கவனிக்கவில்லை. இடது கையால் அடுத்த உறையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மைப்புட்டியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.